நாய்ச்சட்டை

கோக்-ஜார்
1973 டிசம்பர் 12

அன்புள்ள சைரா அக்காவுக்கு,

ஏக்கம் நிறைந்த சலாம். நீ, தாலாய் அத்தான், உன் பேறுகாலத்துக்கு வந்து நகரத்திலேயே தங்கிவிட்ட நம் அம்மா, எல்லாருக்கும் மேலாக என் சின்ன ராஜா, அனைவரும் சுகந்தானே? இங்கே நானும் சுகம், ஆடுகளும் சுகம். உங்கள் மாப்பிள்ளை ஒஸ்மோன் மந்தையோடு குளிர்காலப் பட்டிக்குப் போய்விட்டார். பனி உருகும்வரை வீட்டில் மாமியாரும் நானும் கைக்குழந்தை பெர்மெத்தும்தான்.

'மகன் பிறந்தான், இருவரும் நலம்' என்ற உங்கள் தந்தி வந்து இரண்டு வாரத்தில் எனக்கு வலி கண்டது. நீ முந்திக்கொண்டாய். எதில்தான் நீ என்னை முந்தவிட்டாய்? பையனுக்குப் பெயர் என்ன வைத்தீர்கள் என்று யாரும் எழுதவில்லையே.

பெர்மெத் சமத்து. கை காலைச் சேர்த்துத் தொட்டிலில் கட்டிப் படுக்க வைத்தால் மதியம்வரை மூச்சுக் காட்டமாட்டாள். "குடுத்து வச்சவடி நீ. என் பிள்ளைங்க கத்துன கத்துல மலையே ரெண்டா பொளந்துச்சு" என்கிறாள் மாமியார். ஆனால் நேற்று செவிலி ரைகான் குதிரையில் வந்தாள். குழந்தைத் தராசு உடைந்து கிடக்கிறதாம். கம்பளி நிறுக்கும் கொக்கித் தராசில் சால்வையைத் தொங்கவிட்டு அதில் இவளைப் படுக்கவைத்து நிறுத்தாள். பிறந்த எடையைவிட ஒரு கைப்பிடிக் கம்பளி அளவுதான் கூடியிருக்கிறதாம். ரைகான் இரண்டாம் தடவையும் நிறுத்தாள்.

ஒரு உதவி செய். உன் பையனுக்கு நாற்பது நாள் முடியப்போகிறது. நாற்பது நாளும் அவன் போட்ட முதல் சட்டையை, அந்த நாய்ச்சட்டையை, வழக்கம்போல இனிப்பு முடிந்து நாயின் கழுத்தில் கட்டிப் பிள்ளைகளைத் துரத்தவிடாதே. அதைப் பத்திரமாக எனக்கு அனுப்பு. பெர்மெத்துக்கு நாற்பது முடிவதற்குள் போட்டுவிடுகிறேன். கொழுகொழு அண்ணன் போட்ட சட்டை பட்டால் இவள் உடம்பும் தேறும் என்று மாமியார் சொல்கிறாள். அவன் கொழுகொழுதானே?

பெரியவர்களுக்கு சலாம், அவனுக்குக் கன்னம் நிறைய முத்தம்.
உன் கென்ஜே


ஃப்ருன்சே
1973 டிசம்பர் 24

என் கென்ஜேவுக்கு,

சலாம். உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலிதான், வேறு குறையில்லை. தாலாய் வேலைக்குப் போய் வருகிறார்.

பெர்மெத் சத்தமில்லாமல் கிடப்பதைச் சமத்து என்று எண்ணாதே. கட்டிக் கிடக்கிற கதகதப்பில் தூங்குகிற குழந்தைக்குப் பசி தெரியாது. பலம் குறையக் குறைய இன்னும் அதிகமாகத் தூங்கும். அழட்டும் பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காதே. கட்டை அவிழ்த்து, துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பு. ஒரு பக்கம் குடித்துக் கண்ணை மூடினால் துடைத்துவிட்டு மறுபக்கம் வை. தொட்டில்மேல் குனிந்து கொடுக்காதே, எடுத்து மடியில் போட்டுக்கொள். இரவிலும் கொடு. இதெல்லாம் எனக்கு இங்கே ஒரு செவிலி சொன்னது. தினமும் காலையில் அவளைப் பார்க்கிறேன்.

நாய்ச்சட்டை இல்லையடி. பக்கத்து வீட்டு நாய் கொண்டுபோய்விட்டது. கோபிக்காதே.

அவளை எப்போது மறுபடி நிறுப்பார்கள்? உடனே எழுது. கம்பளித் தராசானாலும் அதே தராசில் நிறுக்கச் சொல்.

அம்மா உன் நெற்றியில் முத்தமிடுகிறாள்.
சைரா


கோக்-ஜார்
1974 ஜனவரி 15

அக்கா,

சலாம். உங்கள் எல்லாருடைய உடம்பும் எப்படி? அம்மாவின் முட்டிக்குக் கரடிக் கொழுப்பு தடவச் சொல்கிறாள் மாமியார். நகரத்தில் கரடிக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன், முறைத்தாள்.

நீ சொன்னபடி கட்டை அவிழ்த்தேன். வீட்டில் போர் மூண்டது. கட்டாமல் வளர்த்தால் கை கால் கோணிப்போகுமாம், பயந்து பயந்து விழிக்குமாம். "உங்க அக்கா டவுனுக்குப் போய் ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா, நாங்க வளத்ததெல்லாம் பிள்ளையில்லாம ஆயிடுச்சா?" என்று தேநீர்க் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். மாமியார் கெட்டவள் இல்லை அக்கா. பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான். நான் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் விருந்தாளி வந்துவிடுகிறார்கள். மருமகள் எழுந்து தேநீர் ஊற்றாமல் இருக்க முடியுமா? ஊற்றிவிட்டு வந்தால் இவள் தூங்கியிருப்பாள், வாயில் ஆட்டுவால் கொழுப்புத் துண்டு. சப்பிக்கொண்டே தூங்கினால் உடம்பு பிடிக்கும் என்று மாமியார் கொடுத்துவிடுகிறாள்.

ரைகான் மறுபடி நிறுத்தாள். கொஞ்சம் ஏறியிருக்கிறது. ரொம்பக் கொஞ்சம். தொடையில் தோல் மடிப்பு மடிப்பாக, பெரிய ஆள் சட்டையை மாட்டிக்கொண்டதுபோலத் தொங்குகிறது. எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் என் சின்ன ராஜாவைப் பற்றி ஒரு வரி இல்லையே? சிரிக்கிறானா, புரள்கிறானா? என் கண் பட்டுவிடும் என்று பயமா? நாய்ச்சட்டைதான் போயிற்று, அவனுடைய வேறு சட்டையாவது ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. பெயரையும் எழுது.

கென்ஜே


ஃப்ருன்சே
1974 பிப்ரவரி 2

கென்ஜே,

எல்லாருக்கும் சலாம்.

வால் கொழுப்பை இன்றே நிறுத்து. அவள் வயிறு இத்தனூண்டு. கொழுப்பு போய் உட்கார்ந்துகொண்டால் பாலுக்கு இடம் இல்லை. தேநீரும் வேண்டாம், ஒரு சொட்டுகூட. வாய் ஓயாமல் சப்பினால் களைத்துப்போவாள், அப்புறம் மார்பில் இழுக்கத் தெம்பு இருக்காது. அவள் இழுக்காவிட்டால் உனக்கும் சுரக்காது. இதை மாமியாரிடம் சண்டையாகச் சொல்லாதே. காலைப் பிடித்துச் சொல். விருந்தாளிக்கு அவர்களே தேநீர் ஊற்றினால் வானம் இடிந்து விழாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அவனைப் பற்றிக் கேட்டாய். அவன் எதற்கும் அழுவதில்லை. எனக்கு எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை.

சட்டை அனுப்புகிறேன்.
சைரா


கோக்-ஜார்
1974 பிப்ரவரி 20

சைரா அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இந்தத் தடவை மனசில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

பெர்மெத்துக்கு மார்ச்சளி வந்தது. ஏறிய கொஞ்சமும் இறங்கிவிட்டது. குடிக்கிறாள், நிறுத்துகிறாள், இருமுகிறாள், என் முகத்தையே பார்க்கிறாள். மார்பைப் பிதுக்கிப் பார்த்தேன், நாலைந்து சொட்டு வந்து நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு என் உடம்பு சோறு போட மாட்டேன் என்கிறது. ரைகான் மாவுப்பால் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். கணவாயில் பனிச்சரிவு, தபால் குதிரை மட்டும்தான் தாண்டுகிறது, வண்டி வரவில்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம், வயிறு போயிற்று.

பனிக்கு முன் கடைசியாக நகரத்திலிருந்து வந்தவன் லாரி ஓட்டுகிற ஜும்மா. அவன் மாமியாரிடம் சொன்னது இப்போதுதான் என் காதுக்கு வந்தது. உன்னை ஃப்ருன்சேயில் காலை நேரத்தில், தாய்மார்களிடம் மிச்சப் பாலை வாங்கிச் சேர்க்கும் இடத்தில் வரிசையில் பார்த்தானாம். கையில் இரண்டு பாட்டில் நிறைய இருந்ததாம். உன் மகன் குடித்து, அதற்கு மேல் ஊருக்கெல்லாம் கொடுக்க உனக்கு வழிகிறது. 'எதற்கும் அழுவதில்லை' என்று எழுதுகிறாய். ஏன் அழுவான்? என் மகள் அழத் தெம்பில்லாமல் கிடக்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளை பசித்த பிள்ளையோடு விளையாடாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு பழைய சட்டையைக் கேட்டேன், அதற்கு இரண்டு மாதம். பெயரைக் கேட்டேன், அதற்கும் வழியில்லை.

அம்மாவும் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதவில்லை. அங்கே பேரன் இருக்கிறான், இங்கே என்ன இருக்கிறது!

கென்ஜே


ஃப்ருன்சே
1974 மார்ச் 10

கென்ஜே,

சட்டை இதோடு இருக்கிறது. அவளுக்குப் போடு. மாவுப்பால் டப்பாக்களையும் வைத்திருக்கிறேன், வண்டி கிளம்பியதும் வந்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கலக்கு. ஆனால் முதலில் மார்பில் வை, பிறகு மாவுப்பால். முதலில் மார்பு. நிறுத்திவிடாதே.

நீ எழுதியது எதுவும் எனக்கு வலிக்கவில்லை.
சைரா


கோக்-ஜார்
1974 மார்ச் 25

என் அக்காவுக்கு,

கணவாய் திறந்துவிட்டது. முந்தாநாள் பொட்டலம் வந்தது. முதலில் சட்டையைத்தான் எடுத்தேன். முகத்தில் வைத்து மோந்தேன்.

குழந்தை போட்ட சட்டையின் கழுத்துப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அக்கா. எத்தனை துவைத்தாலும் கக்கின பால் புளிப்பு போகாது, ஓரம் மஞ்சள் பிடித்திருக்கும். இந்தச் சட்டையில் புதுத்துணி வாசனைதான் இருந்தது. அளவும் பெர்மெத்துக்குச் சரியாக இருந்தது. ஐந்து மாதப் பையனின் சட்டை என் எலும்புக்குஞ்சுக்கு எப்படிச் சரியாக இருக்கும்? நீ உட்கார்ந்து இவளுக்காகத் தைத்திருக்கிறாய்.

அப்புறம் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். 'இங்கே நாங்கள் இருக்கிறோம்.' 'எதற்கும் அழுவதில்லை.' தாயில்லாத குழந்தைகளுக்குத்தான் நீ பாலைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாய். வழிந்ததால் அல்ல. குடிக்க ஆள் இல்லாததால்.

நான் உனக்கு என்னவெல்லாம் எழுதினேன். அக்கா, நான் எழுதினதை எரித்துவிடு.

எதுவும் விளக்க வேண்டாம். வா. உனக்குப் பால் இருக்கிறது, எனக்குப் பிள்ளை இருக்கிறது. வா அக்கா.

கென்ஜே


ஃப்ருன்சே
1974 ஏப்ரல் 4

என் தங்கமே,

சலாம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குளிர்காலம் முழுக்க அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

பிறந்த ஐந்தாம் நாள். பிரசவ விடுதியில் குழந்தைகளைத் தனி அறையில் வைத்திருப்பார்கள், பால் நேரத்துக்கு வரிசையாகத் தள்ளுவண்டியில் கொண்டு வருவார்கள். அன்றைக்கும் வண்டி வந்தது. எல்லாருக்கும் கொடுத்தார்கள். நான் மார்பைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வராமல் வண்டி போய்விட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது கென்ஜே. மருத்துவர் வந்து சொன்னது அதற்கப்புறம்தான்.

உனக்கு எழுதக்கூடாது என்றாள் அம்மா. சாவுச் செய்தியைக் காகிதத்தில் அனுப்பும் வழக்கம் நம்மில் இல்லை. பெரியவர்கள் நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியது. அதுவும் நீ நிறைமாதம், பிறகு நாற்பது நாள். நாற்பது முடிந்தால் தானே வந்து சொல்கிறேன் என்றாள். அதற்குள் கணவாய் மூடிக்கொண்டது. நீயோ ஒவ்வொரு கடிதத்திலும் அவன் சட்டையைக் கேட்டாய். உன் குழந்தைக்கு நான் எந்தச் சட்டையை அனுப்புவேன்?

பால் கட்டிக் காய்ச்சல் வந்ததும் விடுதிச் செவிலிதான் அந்த இடத்துக்கு அனுப்பினாள். நிறுத்திவிடலாம் என்றார் தாலாய். எனக்கு மனசு வரவில்லை. நிறுத்தினால் அவன் இருந்ததற்கு என்னிடம் வேறு அடையாளம் இல்லை.

வர ஆசைதான். ஆனால் பிள்ளையை மண்ணில் வைத்தவள் நான். நோஞ்சான் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் என்னைப் போன்றவளை விடமாட்டார்கள் என்று உனக்கும் தெரியும். உன் மாமியாரிடம் உண்மையைச் சொல். அவர்கள் முகம் சுளித்தால் நான் வரமாட்டேன், தப்பாகவும் நினைக்கமாட்டேன்.

சைரா


கோக்-ஜார்
1974 ஏப்ரல் 13

அக்கா,

சலாம் சொல்லக்கூட நேரமில்லை, ஜும்மாவின் லாரி கிளம்புகிறது. அதே லாரியில் ஏறி வா.

மாமியாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். ரொட்டி சுட்டு, அடுக்கி, துணி போர்த்தி, கையைக் கழுவினாள். போச்சு, ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் தொட்டிலருகே போய் நின்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒஸ்மோன் எனக்கு நாலாவதுடி. மூணு பேரை மண்ணுல வச்சேன். அதுங்க குடிச்ச மாருலதான் அவனும் குடிச்சு இன்னைக்குக் குதிரை மாதிரி நிக்கிறான். பால்ல ஏதுடி சாவு? வரச் சொல்லு அவள."

மூன்று பேர் போனது எனக்கே தெரியாது அக்கா. கத்தி மலையைப் பிளந்த பிள்ளைகள் என்றாளே, அது அவர்களும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள், நாளைக்குப் பெர்மெத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது உனக்கு இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். இப்போதே கல்யாணக் கணக்கு!

சீக்கிரம் வா.
கென்ஜே


ஃப்ருன்சே
1974 ஜூன் 17

என் கென்ஜேவுக்கும் என் பெர்மெத்துக்கும்,

ஏக்கம் நிறைந்த சலாம். சம்பந்தி அம்மாவுக்குக் குனிந்து வணங்குகிறேன் என்று சொல். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தாலாய் இளைத்துப்போயிருக்கிறார், முட்டிவலிக்காரி அம்மாவை அடுப்பில் நிற்கவிடாமல் தானே சமைத்துச் சாப்பிட்டால் வேறு என்ன ஆகும்?

வீடு அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. விடியற்காலை அவள் குடிக்கிற நேரத்துக்கு மார்பு தானாகச் சுரந்து ரவிக்கை நனைகிறது. முதல் நாள் என்னை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உன் மாமியார் தோளை அழுத்தி உட்கார வைத்து, "அவளுக்குப் பசிக்கட்டும், நீ உக்காரு" என்றார்கள். அப்புறம் பிடித்தாளே ஒரு பிடி! மடக் மடக் என்று அவள் விழுங்கின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் உன்னை எழவிடாமல் விருந்தாளிகளுக்கெல்லாம் உன் மாமியாரே தேநீர் ஊற்றினார்கள். வானம் இடியவில்லை. உனக்கும் சுரந்துவிட்டது. இனி நீயே போதும். அதனால்தான் கிளம்பினேன். கிளம்பாவிட்டால் அப்புறம் கிளம்பியிருக்கவே மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். இரண்டு மாதம் உன்னோடு இருந்தும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் பெயர் அஸ்கர். எழுதிப் பார்க்கிறேன். அஸ்கர். மாமனார் வைத்த பெயர்.

நாய்ச்சட்டையை நாய் கொண்டுபோனது என்று எழுதினேன், அது பொய். மாமனாரின் பழைய சட்டையில், ஓரம் மடிக்காமல், அம்மா தைத்து வைத்திருந்தாள். விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போடலாம் என்று. அவன் வீட்டுக்கு வரவில்லை. சட்டை என் தலையணை உறைக்குள் இருந்தது. இப்போது அனுப்புகிறேன். பெர்மெத்துக்குப் போடச் சொல்லவில்லை, அவளுக்கு அது பத்தாது. இங்கே மாடிக் குடியிருப்பில் நாய் இல்லை, துரத்துகிற பிள்ளைகளும் இல்லை. மேய்ச்சல் மலையில் உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. ஒரு குழந்தைக்குச் செய்யவேண்டியதை அவனுக்குச் செய்துவிடு. எனக்கு வேறு யாரிடம் கேட்பது?

சைரா


மேய்ச்சல் மலை
1974 ஜூலை 6

என் அக்காவுக்கு,

மலைக்கு வந்துவிட்டோம். கூடாரம் போட்டாயிற்று, ஆடுகள் சுகம், ஒஸ்மோன் சுகம், மாமியாரின் வாய் ரொம்ப சுகம். நீங்கள் எல்லாரும் எப்படி? தாலாய் அத்தானுக்கு ஒழுங்காகச் சோறு போடு.

சட்டை வந்தது. மாமியார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உடம்புல படவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நாயைக் கூப்பிட எழுந்த என்னை நிறுத்தினாள். பெர்மெத்தை மடியில் போட்டு, சட்டையை அவள் நெஞ்சின்மேல் விரித்து வைத்தாள். சட்டை அவள் வயிறுவரைகூட எட்டவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். அண்ணன் போடாத சட்டையத் தங்கச்சி சூடு பண்ணிக் குடுக்கட்டும்" என்றாள். இவள் அதன் கையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பி எச்சில் ஆக்கினாள். ஓரத்தில் பாலும் கொஞ்சம் கக்கினாள். மாமியார் அதைத் துடைக்கவில்லை, என்னையும் துடைக்கவிடவில்லை.

அப்புறம்தான் கட்டினோம். ஒரு முனையில் இனிப்புகளை முடிந்து எங்கள் கறுப்பு நாயின் கழுத்தில் கட்டினாள். நாலு கூடாரத்துப் பிள்ளைகளும் கூச்சல் போட்டுத் துரத்த, நாய் ஓடையைத் தாண்டி ஓடிற்று. பக்கத்துக் கூடாரத்துக்காரி, "இவ்வளவு நாள் கழிச்சா? உங்க பேத்தி நாய்ச்சட்டையா?" என்று கேட்டாள். மாமியார் சட்டென்று, "அவளுக்கு மூத்தவனோடது. பேரு அஸ்கர்" என்றாள். மூத்தவனா, எங்கே என்று அவள் கேட்க வாயெடுத்தாள். மாமியார் பார்த்த பார்வையில் கேட்கவில்லை.

நாய் திரும்பி வந்தபோது கழுத்தில் சட்டை இல்லை. பிள்ளைகள் வாய் நிறைய இனிப்போடு வந்தார்கள். தேடவேண்டாம், அப்படித்தான் போகவேண்டும் என்றாள். நான் கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன். உனக்காகவும் சேர்த்து அழுதேன் அக்கா.

நேற்று ஆட்டுமயிர் கத்தரித்தோம். நிறுக்கத் தராசு வந்தது. அதே கொக்கித் தராசு. கம்பளிக்கு முன் பெர்மெத்தைத் தொங்கவிட்டோம். ஆறரைக் கிலோ. கொக்கியில் தொங்கிக்கொண்டே கத்தினாள் பார், மலை இரண்டாகப் பிளந்திருக்கும்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் சலாம். அஸ்கர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது, 'உன் தங்கச்சி பெர்மெத் எடை போட்டுவிட்டாள்' என்று அவனிடம் சொல்லிவிட்டு வா.

உன் கென்ஜே